காலெலும்பு தாடை எலும்பான கதை

(நமது சபையின் திருவனந்தபுரம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்தின் ஆரம்பத்தில் ருத்ரம் சொன்ன கோஷ்டியில் இடது ஓரமாக உட்கார்ந்திருந்தவன் என் தங்கையின் பிள்ளை, என் மருமான். அவனுடைய கீழ்த்தாடையின் வலது பாதி மூன்று வருஷங்களுக்கு முன்னால் வரை அவனுடைய இடது காலில் இருந்த எலும்பு. இதை நான் சொல்லும் வரை உங்களில் பலருக்கு அவன் முகத்தில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. தெரிந்த சிலரும் ஏதோ பல் வலி என்று நினைத்திருப்பீர்கள். "மாமா, என் பேரைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்லுங்கோ, நாலு பேருக்கு உபயோகப்படட்டும்" என்று அவனே அனுமதி கொடுத்த பிறகுதான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகத்தில் காலம் கழித்தவன். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் டாக்டர்களிடம் கேட்டதையும், புஸ்தகங்களில் படித்ததையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்தேன். அதிலிருந்துதான் பேசுகிறேன். அதில் என்னுடைய தப்பு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

மருமானுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வெற்றிலை, புகையிலை, சிகரெட் எதுவும் கிடையாது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. பல் வைத்தியர் ஒருவர் அதைப் பிடுங்கினார். பிடுங்கின இடம் ஆறவில்லை. மூன்று தடவை மாத்திரை மாற்றிக் கொடுத்தார். அதற்குள் தாடை ஓரத்தில் ஒரு சின்ன வீக்கம். பிறகு கீழ் உதட்டின் வலது பாதி மரத்துப் போயிற்று. "காபி குடித்தால் வழிகிறது, தெரியவில்லை" என்றான்.

அந்தச் சமயத்தில் அவன் பிள்ளைக்குப் பூணூல் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று. என் தங்கை என்னிடம் வந்து, "அண்ணா, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாமா?" என்று கேட்டாள். "பூணூல் முடியட்டும், மூன்று வாரம்தானே" என்று சொன்னது நான்தான். அது என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான யோசனை. வீட்டில் மூத்தவர் சொன்னால் மற்றவர்கள் கேட்டுவிடுவார்கள். அதனால் மூத்தவர்கள் யோசித்துப் பேச வேண்டும்.

பூணூல் முடிந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், சதையும் எலும்பும் கொஞ்சம் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். ஆஸ்டியோசார்கோமா என்று வந்தது. எலும்பை உண்டாக்கும் செல்களே கெட்டுப்போய்ப் பெருகும் புற்றுநோய் அது. வழக்கமாக இது பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு முழங்காலை ஒட்டிய எலும்பில் வரும். இந்த வியாதி உள்ளவர்கள் நூறு பேரை எடுத்தால் தாடையில் வருவது ஆறேழு பேருக்குத்தான். அதுவும் முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கு. ஜனத்தொகையில் கணக்குப் பார்த்தால் ஒரு வருஷத்தில் பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூடத் தேறாது. அத்தனை அபூர்வமாக இருப்பதால்தான் பல் வைத்தியர்கள் முதலில் பல்லையே சந்தேகிக்கிறார்கள். அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் உதடு மரத்துப்போவது சாதாரணப் பல்வலியின் லட்சணம் இல்லை. கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஒரு குழாய் மாதிரி வழி இருக்கிறது. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது. உள்ளே ஏதோ ஒன்று அந்த நரம்பை நசுக்கினால் உதடு மரத்துப்போகும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாலும் நான் பேசினது வீணில்லை.

டாக்டர் சொன்னது சுருக்கம். கெட்டுப்போன எலும்பை, சுற்றிலும் ஒரு விரல்கடை நல்ல பாகத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும். ஓரம் சுத்தமாக வந்தால்தான் பிழைப்பு. மருந்து, கீமோதெரபி எல்லாம் அதற்குத் துணை மட்டும். கேட்டவுடன் வீட்டில் எல்லோருக்கும் முதலில் வந்த பயம் உயிரைப் பற்றியது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. "முகம் போயிடுமே, நாளைக்கு வகுப்பில் எப்படி நிற்பான்?" என்பதுதான் என் தங்கையின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. ஆபரேஷனே வேண்டாம், நாட்டு மருந்து பார்க்கலாம் என்று சொன்ன உறவினர்களும் உண்டு. முகத்தைப் பற்றிய பயம் உயிரைக் குடித்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. கீழ்த்தாடை வெறும் அழகுக்கு இல்லை. நாக்கின் தசை முகவாய் எலும்பில்தான் கட்டப்பட்டிருக்கிறது. நடுப்பாகத்தை எடுத்துவிட்டால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சையே அடைக்கும். பக்கவாட்டில் எடுத்தால் மிச்சத் தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், பல்லோடு பல் சேராது, எச்சில் வழியும், பேச்சு குழறும். மேல்தாடை போனால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் ஓட்டை விழும். அமெரிக்க ஜனாதிபதி க்ரோவர் க்ளீவ்லாந்துக்கு 1893 ஜூலையில் ஒரு கப்பலில் வைத்து ரகசியமாக மேல்தாடையின் ஒரு பகுதியை எடுத்தார்கள். அந்த ஓட்டையை ரப்பர் அடைப்பு ஒன்றினால் மூடினார்கள். மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு 1923-இல் வாய்ப் புற்றுநோய். 1939-இல் இறக்கும் வரை முப்பதுக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். மேல்தாடையில் மாட்டிக்கொண்ட பெரிய செயற்கைத் தட்டை அவர் வீட்டில் 'ராட்சசன்' என்றே கூப்பிட்டார்களாம். அதை மாட்டினால் வலி, கழற்றினால் பேச முடியாது. உலகப் பிரசித்தி பெற்றவர்களுக்கே அன்றைக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

இப்போது நம் தேசத்துக்கு வருகிறேன். முகத்தைத் திரும்பக் கட்டும் வித்தைக்கு உலகமே சுஸ்ருதரைத்தான் ஆதியாகச் சொல்கிறது. அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு சரிசெய்யும் முறை சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. பின்னால் நெற்றித் தோலைத் திருப்பி மூக்காக்கும் முறை நம் ஊர்களில் கைத்தொழில் மாதிரி பரம்பரையாக நடந்து வந்தது. ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டின காவஸ்ஜி என்பவரைத் திப்பு சுல்தானின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். புனேயில் அவருக்குப் புது மூக்கு வைத்ததை 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற ஆங்கில டாக்டர் 1814-இல் லண்டனில் அதே மாதிரி செய்து பார்த்தார்.

இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். புனேயில் முதலில் மெழுகினால் ஒரு மூக்கு செய்து, அதை நெற்றியில் தட்டையாக வைத்து அளவு கோடு போட்டார்கள். தோலை உரித்துத் திருப்பும்போது இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு காம்பை மட்டும் அறுக்காமல் விட்டார்கள். புது இடத்தில் ஒட்டிக்கொள்ளும் வரை அந்தக் காம்பு வழியாக ரத்தம் வந்துகொண்டிருந்தது. சுமார் இருபத்தைந்து நாள் கழித்துத்தான் காம்பை வெட்டினார்கள். மாவடு காம்போடு இருக்கும் வரை வாடாது என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அதே தத்துவம்தான். ரத்தம் வந்தால் உயிரோடு இருக்கும், வராவிட்டால் அழுகிவிடும்.

அப்படியானால் காலில் இருக்கும் எலும்பைத் தாடைக்கு எப்படிக் கொண்டுவருவது? அத்தனை நீளக் காம்பு கிடையாதே! காம்பை வெட்டி, புது இடத்து ரத்தக்குழாயோடு உடனே தைத்துவிட வேண்டும். ரத்தக்குழாயைத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்த அலெக்ஸிஸ் காரெலுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாயைத் தைக்க 1960 வாக்கில் மைக்ரோஸ்கோப்பை ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். 1975-இல் ஆஸ்திரேலியாவில் டெய்லர் என்பவர் காலின் சின்ன எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து இன்னொரு காலில் வைத்துக் காட்டினார். 1989-இல் நியூயார்க்கில் ஹிடால்கோ என்ற டாக்டர் அதே எலும்பைத் தாடையாக்கும் முறையை வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் அதுதான் வழக்கம். நம் கேரளத்திலும் இந்த வித்தை நன்றாக வேரூன்றியிருக்கிறது. 2015 ஜனவரியில் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் டாக்டர் சுப்ரமணிய ஐயர் தலைமையில் ஓர் இளைஞனுக்கு இரண்டு கைகளையும் மாற்றிப் பொருத்தியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மைக்ரோஸ்கோப்பின் கீழ் குழாயோடு குழாய் சேர்க்கும் இந்த வித்தைதான் அதற்கும் அடிப்படை.

ஏன் வெறும் உலோகத் தகடு போதாது என்று நானும் கேட்டேன். போடலாம், ஆனால் நாளாவட்டத்தில் தகடு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரலாம், முறியலாம். ரத்தக்குழாய் இல்லாத எலும்புத் துண்டை வைத்தால் சின்ன இடைவெளிக்குச் சரி. பெரிய இடைவெளியில், எச்சில் ஊறும் வாய்க்குள், அது தாக்குப்பிடிக்காது.

ஏன் காலெலும்பு? முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உடம்பின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் பெரியது. வெளிப்பக்கம் இருக்கும் மெலிந்த எலும்புக்குப் பெயர் ஃபிபுலா. முழங்கால் பக்கமும் கணுக்கால் பக்கமும் சில அங்குலம் விட்டுவிட்டு நடுவில் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்தாலும் நடக்க முடியும். அதை ஒட்டியே ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அதன் மேல் தோலையும் ஒரு துண்டு சேர்த்து எடுத்தால் வாய்க்குள் போன சதைக்குப் பதிலாகிவிடும். எடுப்பதற்கு முன் பாதத்துக்குப் போகும் மற்றக் குழாய்கள் நன்றாக இருக்கின்றனவா என்று ஸ்கேனில் பார்த்துக்கொள்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களும் புகை பிடிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். காலில் ரத்த ஓட்டம் மோசமானால் இந்த வழி அடைபட்டுவிடும்.

ஆபரேஷன் அன்று காலை ஏழரை மணிக்கு உள்ளே அழைத்துப்போனார்கள். இரண்டு குழுக்கள். ஒரு குழு தாடையை எடுக்கும்போதே இன்னொரு குழு காலில் வேலையை ஆரம்பித்துவிட்டது. அவன் ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் போட்டு அவன் தாடையைப் போலவே ஒரு பிளாஸ்டிக் மாதிரியை முன்னதாகவே செய்து வைத்திருந்தார்கள். புனேயில் மெழுகு மூக்கு செய்த மாதிரியேதான்! கால் எலும்பு நேரானது, தாடை வளைந்தது. அதனால் எலும்பில் இரண்டு இடத்தில் ஆப்பு வடிவமாக வெட்டி மடக்கி, டைட்டேனியம் தகட்டில் திருகினார்கள். பிறகு காலின் குழாயைக் கழுத்தில் இருக்கும் குழாயோடு சேர்த்தார்கள். தைத்த நூல் தலைமயிரைவிட மெல்லியது. இரவு ஏழு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, "ரத்தம் ஓடுகிறது" என்றார். என் தங்கை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அதோடு முடியவில்லை. முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம். மணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து டார்ச் அடித்து வாய்க்குள் வைத்த தோலின் நிறத்தைப் பார்ப்பாள், ஊசியால் குத்துவாள். சிவப்பாக ரத்தம் கசிந்தால் நல்லது. கறுத்து வந்தால் திரும்பிப் போகும் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பெண் நிறம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தாள். அரை மணிக்குள் மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய், அடைத்திருந்த ரத்தக் கட்டியை எடுத்துத் திரும்பத் தைத்தார்கள். விடியும்வரை விட்டிருந்தால் அத்தனை உழைப்பும் வீண். இந்த ஆபரேஷன் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போல ஜெயிக்கிறது என்கிறார்கள். அந்தத் தொண்ணூற்றைந்தில் தூங்காத நர்சுகளின் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

பன்னிரண்டு நாள் மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துவாரம். பேச்சு எல்லாம் சிலேட்டில். "ததீசி முனிவர் தேவர்களுக்காக எலும்பைக் கொடுத்தார், நான் எனக்கே கொடுத்துக்கொண்டேன்" என்று எழுதிக் காட்டினான். பதின்மூன்றாம் நாள் ரசம் விட்டுக் குழைத்த சாதத்தை மிக்ஸியில் அடித்து அவன் அம்மா கொண்டுவந்தாள். "இது இரண்டாவது அன்னப்ராசனம்" என்றாள். காலிலிருந்து வந்த தோல் ஆனதால் வாய்க்குள் கொஞ்ச நாள் ரோமம் முளைத்தது. அதையும் சிரித்துக்கொண்டேதான் சமாளித்தான்.

இன்னொரு சங்கடம் வந்தது. அதை நம் கூட்டத்தில்தான் சொல்ல முடியும். அவன் அப்பாவின் ஸ்ராத்தம் அந்த மாசி மாசம். "அங்கஹீனம் வந்தவன் கர்த்தாவாக இருக்கலாமா? தம்பி பண்ணட்டுமே" என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் கேன்சர் என்று சொன்னபோதுகூட வராத கண்ணீர் அன்று வந்தது. எங்கள் வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். அவர், "அவன் எலும்பு அவன் சரீரத்திலேதானே இருக்கு? இடம்தானே மாறியிருக்கு? ஸ்ராத்தம் என்கிற பேரே சிரத்தையிலிருந்து வந்தது. மந்திரம் மெதுவாகச் சொன்னால் நான் காத்திண்டிருக்கேன்" என்றார். அந்த வருஷம் ஸ்ராத்தம் முடிய வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் அதிகமாயிற்று. வாத்தியார் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். வலது பக்கக் கீழ் உதட்டில் உணர்ச்சி இல்லை, இனி வராது. ரசம் வழிந்தால் அவன் மனைவி விரலால் ஜாடை காட்டுவாள். இடது கால் கட்டைவிரல் சரியாக மடங்குவதில்லை. சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் வலிக்கும். ப, ம என்ற எழுத்துகளுக்காகப் பேச்சுப் பயிற்சியாளரிடம் ஆறு மாசம் போனான். பயிற்சிக்கு அவன் எடுத்துக்கொண்டது ருத்ரம்தான். கீமோதெரபியும் முடிந்தது. எடுத்த எலும்பின் ஓரங்கள் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு வருஷம் கழித்து அந்தக் காலெலும்பிலேயே டைட்டேனியம் வேர் வைத்துப் பல் கட்டினார்கள். மூன்று வருஷம் ஆகிறது. ஐந்து வருஷம் தாண்டும் வரை டாக்டர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அதுவரை மார்பு ஸ்கேன் தவறாமல் எடுக்க வேண்டும். ஆனால் வகுப்பில் நின்று கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். முருங்கைக்காயும் சாப்பிடுகிறான்.

முடிக்கும் முன், நம் ஊருக்கே பெருமையான ஒன்று. எலும்பில் வருவது அபூர்வம். வாயின் உள்தோலில் வரும் புற்றுநோயோ நம் தேசத்தில் மிகவும் சகஜம். நம் மெடிகல் காலேஜ் வளாகத்தில் 1981-இல் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் தலைமையில் ஆரம்பித்த ரீஜினல் கேன்சர் சென்டர், 1996-லிருந்து இந்த ஜில்லாவின் 13 பஞ்சாயத்துகளில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தியது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட சுமார் 1,90,000 பேர். பாதிப் பஞ்சாயத்துகளில், பயிற்சி பெற்ற பட்டதாரிகள் மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், வேறு மெஷின் ஒன்றும் இல்லை. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. டாக்டர் சங்கரநாராயணனும் குழுவினரும் 2005-இல் லான்செட் பத்திரிகையில் இதை வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நம் தாத்தாக்களில் எத்தனை பேர் வெற்றிலையோடு புகையிலையையும் போட்டார்கள், எத்தனை பேர் பொடி போட்டார்கள் என்று நமக்குத் தெரியும். நமக்கெல்லாம் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். வாய்ப்புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லையா, காரணமில்லாமல் பல் ஆடுகிறதா, பிடுங்கின இடம் மூடவில்லையா, தாடை வீங்குகிறதா, உதடு மரத்ததா, உடனே பெரிய டாக்டரிடம் போங்கள். கல்யாணம், பூணூல், சஷ்டியப்தபூர்த்தி எதுவும் காத்திருக்கும். இந்த வியாதி காத்திருக்காது. ஆபரேஷன் என்று சொன்னால், "எடுத்த இடத்தை எப்படிக் கட்டுவீர்கள், அதைக் கட்டும் டாக்டர் யார்?" என்று அதே நாளில் கேளுங்கள். எடுப்பதும் கட்டுவதும் ஒரே சிகிச்சையின் இரண்டு பாதி. வீட்டில் யாருக்காவது வந்தால் மறைக்காதீர்கள். நாங்கள் மறைத்திருந்தால் ரத்தம் கொடுக்க நமது சபையிலிருந்து ஒன்பது இளைஞர்கள் வந்திருக்க மாட்டார்கள். அவர்களில் நாலு பேர் இந்த ஹாலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் ஆசீர்வாதம்.